இருள் நீங்குதலும் இருளினின்று நீங்குதலும்: கிறித்தவ மீட்புக் கோட்பாட்டின் ஒளி–இருள் உருவகமும் தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

ஒளி, இருள் என்னும் இரண்டும் சமயங்கள் பலவற்றுக்கும் பொதுவான உருவகங்கள். இப்பொதுமை மொழிபெயர்ப்பாளரின் பணியை எளிதாக்குவதுபோலத் தோன்றும். மூலமொழிச் சொல்லுக்கு நேரான சொல் பெறுமொழியில் ஆயத்தமாக இருக்கிறது. புதிய சொல்லைப் படைக்க வேண்டிய தேவை எழுவதில்லை. ஆனால் ஆயத்தமாகக் கிடைக்கும் சொல், பெறுமொழியின் சமய மரபு அதன்மேல் ஏற்றிய பொருளையும் உடன்கொண்டே வருகிறது. 'சிலுவை', 'ஞானஸ்நானம்' போன்ற சொற்கள் விளக்கத்தை வேண்டி நிற்பவை என்பதை வாசகர் உணர்வர். 'இருள்' என்னும் சொல்லுக்கு விளக்கம் வேண்டும் என்று எவரும் கருதுவதில்லை. இடர்ப்பாடு அங்கேதான் தோன்றுகிறது.

'இருள் நீங்கியது', 'அவன் இருளினின்று நீங்கினான்' என்னும் இரு தொடர்களிலும் வினை ஒன்றே. முன்னதில் இருள் எழுவாய். மாந்தன் இருந்த இடத்திலேயே இருக்கிறான், அவனைச் சூழ்ந்திருந்தது அகல்கிறது. பின்னதில் மாந்தன் எழுவாய். இருள் ஐந்தாம் வேற்றுமையின் நீங்கற்பொருளில் நிற்கிறது. அகல்பவன் மாந்தன், இருளுக்கு என்ன நேர்ந்தது என்பது தொடரில் சொல்லப்படவில்லை. கிறித்தவ மறைநூலின் மீட்பு மொழி பெரிதும் இரண்டாம் அமைப்பைச் சார்ந்தது என்பதையும், தமிழ்ச் சமய மரபின் இருள் உருவகம் பெரிதும் முதலாம் அமைப்பில் வழங்கியது என்பதையும், இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவைத் தமிழ் மொழிபெயர்ப்புகள் எவ்வாறு கடக்க முயன்றன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சில் நிறைவெய்தியது. பப்ரிசியுவின் புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் நிறைவெய்திய மொழிபெயர்ப்பு சீர்திருத்தத் திருச்சபைகளில் இன்றளவும் பெருவழக்காக உள்ளது. கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையினரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்தது. இறுதியிற் கூறிய இரண்டும் இங்கு ஒப்பிடப்படுகின்றன. முன்னது பழைய மொழிபெயர்ப்பு என்றும் பின்னது பொது மொழிபெயர்ப்பு என்றும் சுட்டப்படும்.

2. மூலநூலில் இருளின் நிலைகள்

விவிலியத்தில் இருள் ஒரே பொருளில் வழங்கவில்லை. தொடக்கநூலில் இருள் தீமையன்று. ஒளியினின்று பிரிக்கப்பட்டு 'இரவு' எனப் பெயர் பெறுகிறது. எசாயா 45:7 ஒளி, இருள் இரண்டையும் கடவுளின் செயலாகவே கூறுகிறது. கடவுளுக்கு நிகரான, தொடக்கமில்லாத எதிர்முதலாக இருளைக் கொள்ளும் இருமைக் கோட்பாட்டுக்கு இங்கு இடமில்லை. மேலும், 1 அரசர் 8:12 கடவுள் உறையுமிடத்தையே இருளாகக் கூறுகிறது. அங்கு வரும் எபிரேயச் சொல் 'அரஃபெல்'. பழைய மொழிபெயர்ப்பு அதற்குக் 'காரிருள்' என்னும் சொல்லைத் தேர்ந்தது பொருத்தமானது. கார் தமிழில் மழையையும் வளத்தையும் உடன் உணர்த்தும் சொல்லாதலின், அவ்விருள் அச்சத்துக்குரியதாயினும் அழிவுக்குரியதாகத் தோன்றுவதில்லை.

மீட்போடு தொடர்புடைய இருள் புதிய ஏற்பாட்டில் மூன்று நிலைகளில் காணப்படுகிறது. முதலாவது, அறியாமை. உள்ளம் இருளடைந்தது என்று பவுல் கூறும் இடங்கள் (உரோமையர் 1:21, எபேசியர் 4:18) இவ்வகையின. இரண்டாவது, ஆட்சி. லூக்கா 22:53, கொலோசையர் 1:13 ஆகிய இரண்டிலும் இருளுக்கு அதிகாரம் உண்டு. அது மாந்தரைத் தன்கீழ் வைத்திருக்கும் ஆற்றல். மூன்றாவது, விருப்பம். யோவான் 3:19இன்படி ஒளி வந்த பின்னரும் மாந்தர் இருளையே விரும்பினர். தீர்ப்புக்குக் காரணம் அவ்விருப்பமே.

இம்மூன்றனுள் முதலாவதை மட்டும் கொண்டால் மீட்பு என்பது அறிவு பெறுதலாக முடியும். விளக்கை ஏற்றினால் இருள் அகலும். ஆனால் விளக்கைக் கண்டும் அதனிடம் வர மறுப்பவனுக்கு விளக்கு மட்டும் போதாது; அடிமைப்பட்டிருப்பவனுக்கும் அது போதாது. ஆகவே திருத்தூதர் பணிகள் 26:18 இருவேறு வினைகளை அடுத்தடுத்து வைக்கிறது: கண்களைத் திறத்தல், இருளைவிட்டு ஒளியினிடம் திரும்புதல். முன்னது அறிவைச் சார்ந்தது. பின்னது வாழ்வின் திசையைச் சார்ந்தது. அதே தொடரில் சாத்தானின் அதிகாரமும் பேசப்படுவதால் ஆட்சி மாற்றத்தையும் சார்ந்தது.

தொடக்ககாலத் திருச்சபையின் வழிபாட்டிலும் இவ்வியல்பு காணப்படுகிறது. திருமுழுக்கை 'ஃபோதிஸ்மொஸ்', அதாவது ஒளியூட்டல், என்று அழைக்கும் வழக்கத்தை இரண்டாம் நூற்றாண்டில் யுஸ்தீன் குறிப்பிடுகிறார். நான்காம் நூற்றாண்டு எருசலேம் வழக்கில் திருமுழுக்குப் பெறுவோர் முதலில் மேற்கு நோக்கி நின்று சாத்தானை மறுத்துப் பின் கிழக்கு நோக்கித் திரும்பினர். ஒளி பெறுபவர் ஒளி வரும்வரை நின்ற இடத்தில் நிற்பதில்லை, உடலாலேயே திரும்புகிறார்.

3. தமிழ் மரபில் இருள்

விவிலியம் தமிழுக்கு வருமுன்பே இருள் தமிழில் ஆழ்ந்த சமயப்பொருள் பெற்றிருந்தது. திருக்குறளின் மெய்யுணர்தல் அதிகாரத்தில் மயக்கம் நீங்கிய காட்சியுடையார்க்கு இருள் அகன்று இன்பம் கிட்டும் என்னும் கருத்து அமைந்துள்ளது. பரிமேலழகர் அவ்விருளுக்கு நரகம் எனப் பொருள் கூறி, அதனை ஆகுபெயராக்கிப் பிறப்பின்மேல் ஏற்றுகிறார். 'நீங்கி' என்பதையும் 'நீக்கி' என்பதன் மெலிந்த வடிவாகவே கொள்கிறார். மெய்யுணர்வு இருளை நீக்குகிறது என்பதே அவர் கொண்ட தொடரமைப்பு. இங்கு இருள் நீக்கப்படும் பொருளேயன்றி விட்டு வெளியேறப்படும் இடம் அன்று.

சைவ சித்தாந்தத்தில் இருள் ஆணவமலத்தின் பெயராகவே நிலைபெற்றது. உமாபதி சிவாசாரியாரின் திருவருட்பயனில் 'இருள்மலநிலை' என்று ஓர் அதிகாரமே உண்டு. செம்பிற் களிம்புபோல ஆணவம் உயிருடன் தொடக்கமின்றி உள்ளது. புற இருள் பொருள்களை மறைத்தாலும் தன்னைக் காட்டும். ஆணவ இருளோ பிறவற்றையும் காட்டாது, தன்னையும் காட்டாது என்பது அவ்வதிகாரத்தின் நுண்ணிய வேறுபாடு. இக்கருத்து யோவான் 9ஆம் அதிகாரத்துடன் வியத்தகு வகையில் பொருந்துகிறது. அங்குப் பிறவிக் குருடர் பார்வை பெறுகிறார். 'பார்க்கிறோம்' என்று சொல்வோரே பாவத்தில் நிலைக்கின்றனர். தான் இருளில் இருப்பதை அறியாமையே இருளின் கடைநிலை என்பதில் இரு மரபுகளும் ஒன்றுபடுகின்றன.

சித்தாந்தத்தில் உயிர் தன் அறிவாலேயே விடுபடுகிறது என்று கொள்வதும் பிழையாகும். திருவருளே உயிருக்கு ஒளியாகிறது. வீடுபேற்றிலும் ஆணவம் அழிவதில்லை, அதன் ஆற்றலே அடங்குகிறது. எனவே அறிவா அருளா என்பது இரு மரபுகளையும் பிரிக்கும் வினா அன்று. அவற்றைப் பிரிப்பவை வேறு இரண்டு. ஒன்று, இருளின் தொடக்கம்: சித்தாந்தத்தில் இருள் உயிருடன் அநாதி, விவிலியத்தில் மாந்தனின் இருள் வரலாற்றில் நேர்ந்தது. மற்றது, இருளினின்று விடுபடும் முறை: விவிலியத்தில் அது ஒரு குறிப்பிட்ட வரலாற்று நிகழ்வைச் சார்ந்தது. நண்பகலில் நாடெங்கும் இருள் சூழ்ந்தபோது நிகழ்ந்த சிலுவைச் சாவை நற்செய்தி நூல்கள் மீட்பின் மையமாக வைக்கின்றன. 'இருள்' என்னும் ஒரே சொல் இரு மரபுகளுக்கும் வழங்கும்போது இவ்வேறுபாடுகள் சொல்லில் வெளிப்படுவதில்லை. வினையிலும் வேற்றுமையிலும்தான் வெளிப்பட முடியும்.

4. ஒளியும் வெளிச்சமும்

கிரேக்க மூலத்தில் 'ஃபோஸ்' என்னும் ஒரே சொல் வரும் இடங்களில் பழைய மொழிபெயர்ப்பு இரண்டு சொற்களை ஆள்கிறது. யோவான் 8:12இல் இயேசு தம்மை உலகின் ஒளியாகக் கூறுகிறார். மத்தேயு 5:14இல் அதே கிரேக்கத் தொடரால் சீடரைக் குறிப்பிடுகிறார். பழைய மொழிபெயர்ப்பில் முன்னது 'ஒளி', பின்னது 'வெளிச்சம்'. யோவான் நற்செய்திக்குள்ளேயே இவ்வேறுபாடு தொடர்கிறது. 5:35இல் திருமுழுக்கு யோவான் விளக்காகக் கூறப்படுகிறார். அவ்விளக்கு தருவது வெளிச்சமே. தொடக்கநூல் 1:3இலும் படைக்கப்பட்டது வெளிச்சம்.

ஆகவே ஊற்றாக நிற்பது ஒளி, அதனால் உண்டாகிக் கண்ணுக்குப் புலனாவது வெளிச்சம் என்னும் பாகுபாடு பழைய மொழிபெயர்ப்பில் ஓரளவு செயற்பட்டுள்ளது எனலாம். இது முழுமையான விதியன்று. மத்தேயு 4:16இல் மக்கள் கண்ட 'பெரிய வெளிச்சம்' கிறித்துவையே சுட்டுகிறது. எனினும் 2 கொரிந்தியர் 4:6இல் இப்பாகுபாடு மூலத்தோடு இணைந்தே செல்கிறது. படைப்பின் ஒளிக்கு 'ஃபோஸ்', உள்ளத்தில் தோன்றும் ஒளிக்கு 'ஃபோதிஸ்மொஸ்' என மூலம் இரு சொற்களை ஆள, பழைய மொழிபெயர்ப்பு முறையே வெளிச்சம், ஒளி என வேறுபடுத்துகிறது.

பொது மொழிபெயர்ப்பு தொடக்கநூல் 1:3, மத்தேயு 5:14, யோவான் 8:12 ஆகிய மூன்றிலும் 'ஒளி' என்றே ஆள்கிறது. மூலத்தின் ஒருமைப்பாடு இதனால் காக்கப்படுகிறது. ஆசிரியரும் சீடரும் ஒரே பெயரால் அழைக்கப்படும் வியப்பு பழைய மொழிபெயர்ப்பில் மறைந்திருந்தது, புதியதில் தெரிகிறது. ஆயினும் ஓர் இழப்பும் உண்டு. 'வெளிச்சம்' என்னும் சொல்லில் 'வெளி' கேட்கிறது. எபேசியர் 5:13 மறைவானவை ஒளியால் வெளிப்படுவதைப் பேசும் இடம். பழைய மொழிபெயர்ப்பு அங்கு வெளிச்சத்தையும் வெளியரங்கமாதலையும் அருகருகே வைக்கும்போது, ஒளியின் பணி அறிவூட்டல் மட்டுமன்று, வெளிக்கொணர்தலும் ஆகும் என்பதைத் தமிழ் ஒலியே உணர்த்துகிறது. 'ஒளி'க்கு இவ்வாற்றல் இல்லை. 'ஒளி' என்னும் வடிவம் வினையாகும்போது 'மறை' என்றே பொருள்படும். இவை வேறு வேறு சொற்களே. எனினும் மறைவானவற்றைப் பேசும் பகுதியில் மொழிபெயர்ப்பாளர் இவ்வொலி ஒப்புமையை நினைவிற்கொள்ள வேண்டும்.

இருளுக்கும் பழைய மொழிபெயர்ப்பு 'இருள்', 'அந்தகாரம்' என இரு சொற்களை ஆள்கிறது. இங்குப் பாகுபாடு காணப்படவில்லை. லூக்கா 22:53, கொலோசையர் 1:13 இரண்டிலும் மூலத்தொடர் ஒன்றே. பழைய மொழிபெயர்ப்பில் முன்னது அந்தகாரத்தின் அதிகாரம், பின்னது இருளின் அதிகாரம். இயேசு பிடிபட்ட இரவில் ஆண்ட அதே அதிகாரத்தினின்றே மக்கள் விடுவிக்கப்பட்டனர் என்னும் தொடர்பை இதனால் தமிழ் வாசகர் இழக்கிறார். பொது மொழிபெயர்ப்பு இரண்டிலும் 'இருள்', 'அதிகாரம்' என்னும் சொற்களையே வைத்து அத்தொடர்பை மீட்டளித்துள்ளது.

5. பற்றிக்கொள்ளுதலும் வெற்றிகொள்ளுதலும்

யோவான் 1:5இல் வரும் 'கதலம்பனோ' என்னும் கிரேக்க வினை, பற்றிப் பிடித்தல், மேற்பட்டு வெல்லுதல், அறிவால் கவர்ந்துகொள்ளுதல் ஆகிய பொருள்களை உடையது. இருள் ஒளியை வெல்லவில்லை என்றும் கொள்ளலாம். உணரவில்லை என்றும் கொள்ளலாம். பழைய மொழிபெயர்ப்பு 'பற்றிக்கொள்' என்னும் வினையையும், பொது மொழிபெயர்ப்பு 'வெற்றி கொள்' என்னும் வினையையும் ஆள்கின்றன.

'பற்றிக்கொள்' தமிழில் பல அடுக்குகள் கொண்டது. கையால் பிடித்தல், புகலிடமாகக் கொள்ளுதல், தீப்பிடித்தல் ஆகியவை அதன் வழக்குகள். தீப்பிடித்தற் பொருள் இங்கு எழாது. அப்பொருளில் தீயே எழுவாயாக வரும், இங்கு எழுவாய் இருள். எஞ்சிய இரண்டும் தமிழ் வாசகர்முன் நிற்கின்றன. பற்று சமயத் தமிழில் துறக்கத்தக்கதும் ஆகும், இறைவன்மேல் வைக்கும்போது கொள்ளத்தக்கதும் ஆகும். ஆகவே 'பற்றிக்கொள்ளவில்லை' என்பதை இருள் ஒளியை ஏற்கவில்லை என்றே பெரும்பாலான வாசகர் பொருள்கொள்வர். அப்பொருள் 1:11இல் வரும் ஏற்றுக்கொள்ளாமையுடன் இயைகிறது. ஆனால் இருளின் தாக்குதலும் தோல்வியும் பின்தங்கிவிடுகின்றன.

இதே வினை 12:35இலும் இருளை எழுவாயாகக் கொண்டு வருகிறது. அங்கு இருள் மாந்தரைத் தொடர்ந்து வந்து பிடிப்பதே பொருள், 'உணர்தல்' பொருந்தாது. பழைய மொழிபெயர்ப்பு அங்கு 'அகப்படு' என்னும் வினையை ஆண்டு, இருளை ஏழாம் வேற்றுமையாக்கி, மாந்தரை எழுவாயாக்குகிறது. துரத்திவரும் இருள் கண்ணியாக மாறிவிடுகிறது. யோவான் இருளுக்குச் செயலாற்றல் அளித்திருக்க, பெயர்ப்பு அதனை இடமாக்கிவிட்டது. 12:35இன் சான்றுகொண்டு நோக்கின் 1:5இல் பொது மொழிபெயர்ப்பு தேர்ந்த 'வெற்றி கொள்' பொருந்துவதே. எனினும் இரட்டைப் பொருளைத் துறந்தே அது தெளிவைப் பெற்றது.

'மேற்கொள்' என்னும் வினை கருதத்தக்கது. மத்தேயு 16:18இல் பழைய மொழிபெயர்ப்பு அதனை வெல்லுதற் பொருளில் ஆள்கிறது. பொதுத்தமிழில் அது ஏற்றுக்கொண்டு ஒழுகுதலைக் குறிக்கிறது. வெல்லாமை, ஏற்காமை ஆகிய இரண்டையும் ஒரே சொல்லில் தாங்கும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆனால் இற்றை வாசகர் பலருக்கு முதற்பொருள் வழக்கிறந்துவிட்டது. இரு பொருளையும் ஒருங்கே தரும் சொல் மொழியில் இருப்பது மட்டும் போதாது; அவ்விரு பொருளும் வாசகரிடம் உயிருடன் இருக்க வேண்டும்.

இவ்வசனத்தில் மற்றொன்றும் நோக்கத்தக்கது. ஒளி இருளில் ஒளிர்தல் மூலத்தில் நிகழ்காலம். இருள் அங்கு இன்னும் இருக்கிறது. ஒளி தோன்றிய கணமே இருள் இல்லாதொழியும் என்னும் தமிழ்ப் பொதுவழக்கு உவமைக்கு இது நேர் பொருந்தாது. 1 யோவான் 2:8 இருள் அகன்றுகொண்டிருப்பதைக் கூறுகிறது. அங்குப் பழைய மொழிபெயர்ப்பு 'நீங்கிப்போ' என்றே ஆள்கிறது. எனவே 'இருள் நீங்கும்' என்னும் அமைப்பு விவிலியத்துக்கு அயலானதன்று. ஆனால் அது முடிந்துபோன செயலாக அன்றி, நடந்துகொண்டிருக்கும் செயலாக வருகிறது. இருள் முற்றும் அகலுமுன்பே மாந்தன் அதனைவிட்டு அகன்றுவிடலாம் என்பதே புதிய ஏற்பாட்டின் நிலை.

6. ஆட்சி மாற்றமும் உறவு மாற்றமும்

கொலோசையர் 1:13இல் இரு வினைகள் உள்ளன: விடுவித்தல், இடம் மாற்றுதல். பின்னதற்குரிய 'மெதிஸ்தேமி' மக்களை ஓரிடத்தினின்று வேறிடத்துக்குக் குடிபெயர்த்தலையும் குறிக்க வழங்கியது. தமிழ் மொழிபெயர்ப்புகள் இரண்டும் இங்கு 'உட்படுத்து' என்னும் வினையை ஆள்கின்றன. ஆட்சி மாற்றம் இதனால் தெளிவாகிறது, குடிபெயர்தல் மறைகிறது. தமிழுக்கு இடப்பெயர்ச்சியை உணர்த்தும் வழி இல்லாமலில்லை. யோவான் 5:24இல் சாவினின்று வாழ்வுக்குக் கடத்தலைப் பழைய மொழிபெயர்ப்பு 'விட்டு நீங்கி' என்னும் அமைப்பால் கூறுகிறது. இருளினின்று நீங்குதலுக்குரிய தொடரமைப்பு அங்கேயே உருப்பெற்றுள்ளது. பனியனின் நூலைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இயற்றி 1894இல் வெளிவந்த காப்பியம் 'இரட்சணிய யாத்திரிகம்' எனப் பெயர் பெற்றதும் இங்கு எண்ணத்தக்கது. மீட்பைப் பயணமாகக் காணும் நோக்கு நூற்பெயரிலேயே தமிழ்ப்பட்டுள்ளது.

'ஒளியின் மக்கள்' என்னும் தொடர் எபிரேய மரபுக்குரியது. 1947 முதல் சாக்கடலருகே கிடைத்த கும்ரான் சுவடிகளில் ஒளியின் மக்களும் இருளின் மக்களும் எதிரெதிர்ப் படைகளாக வருகின்றனர். இத்தொடரில் 'மகன்' என்பது சார்பையும் இயல்பையும் உணர்த்தும். எபேசியர் 5:8இல் பழைய மொழிபெயர்ப்பு வெளிச்சத்தின் பிள்ளைகள் எனச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கிறது. பொது மொழிபெயர்ப்பு 'ஒளிபெற்ற மக்கள்' என விளக்கிப் பெயர்க்கிறது. இது நல்ல தமிழ். ஆனால் ஒளியால் பெறப்பட்டவர்கள் இங்கு ஒளியைப் பெற்றவர்களாகிவிட்டனர். 'மக்கள்' பழந்தமிழில் பிள்ளைகளையும் குறிக்கும் எனினும், 'பெற்ற' என்னும் அடையுடன் வரும்போது இற்றை வாசகர் பொதுமக்கள் என்றே கொள்வர். உறவு உடைமையாக மாறுகிறது. அதே வசனத்தின் முற்பகுதி மாந்தரை 'இருளில் இருந்தோர்' என்னாது 'இருளாக இருந்தோர்' என்கிறது. இரு மொழிபெயர்ப்புகளும் இதனைச் சரியாகவே காத்துள்ளன. இருளாக இருந்தவர் ஒளியைப் பெறுவது போதாது, ஒளியாக வேண்டும். பிற்பகுதியில் 'பெற்ற' என்னும் சொல் அவ்வலிமையைக் குறைத்துவிடுகிறது.

7. முடிவுரை

இவ்வாய்வின் பயன் சொற்றேர்வோடு நிற்பதில்லை. இருளை அறியாமையாக மட்டும் காணும் பெயர்ப்பு, வாசகரை அறிந்தோர், அறியாதோர் என இரு கூறாக்கும். பிற சமயத்தாரை 'இருளில் இருப்போர்' என்று எளிதாகச் சுட்டிய பத்தொன்பதாம் நூற்றாண்டு மறைப்பணி எழுத்துகளின் வழக்கம் இப்பார்வையால் வலுப்பெற்றது. யோவான் நற்செய்தியில் அச்சொல்லின் கூர்மை வேறு திசையில் செல்கிறது. ஒளியைக் கண்டவர், காண்பதாகச் சொல்பவர் ஆகியோரை நோக்கியே அது மிகுதியும் பேசுகிறது. இருள் விருப்பமும் ஆட்சியும் ஆகும் என்பதைப் பெயர்ப்பு காத்தால், வாசகர் பிறரைச் சுட்டுமுன் தம்மை நோக்க வேண்டியவராவார்.

மொழிபெயர்ப்பாளர் மூன்றைக் கருத்திற்கொள்ளலாம். முதலாவதாக, ஒரே மூலச்சொல்லுக்கு இரு தமிழ்ச் சொற்களை ஆளும்போது அவ்வேறுபாட்டுக்குக் காரணம் இருக்க வேண்டும். ஒளி, வெளிச்சம் என்னும் பாகுபாட்டுக்குக் காரணம் உண்டு. இருள், அந்தகாரம் என்பதற்கு இல்லை. இரண்டாவதாக, இருள் எங்கு எழுவாய், எங்கு இடம், எங்கு நீங்கற்பொருள் என்பதை மூலத்தோடு ஒப்பிட்டு அறிதல் வேண்டும். மூன்றாவதாக, பெயர்ச்சொற்களைத் தமிழ் மரபினின்று பெறும்போது வினைச்சொற்களில் கூடுதல் விழிப்பு வேண்டும். இருள், ஒளி என்னும் பெயர்கள் இரு மரபுகளுக்கும் பொது. மீட்பு எதனின்று, எதனுள், யாரால் நிகழ்கிறது என்பதை வினையும் வேற்றுமை உருபுமே சொல்கின்றன. அவ்வகையில் 'இருள் நீங்குதல்', 'இருளினின்று நீங்குதல்' என்பவற்றுக்கு இடையே நிற்கும் சிறிய உருபு, தமிழ்க் கிறித்தவ இறையியலின் பெரியதொரு வினாவைத் தாங்கி நிற்கிறது.